அம்மா, நைனா பக்கத்துலயே குடிவந்தாச்சு. இப்போ எல்லாமே என் தலையில. எப்படிப் பங்கு போடுறது?

கேள்வி: காலடிப்பேட்டை மகள்

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

போன வருஷம் பள்ளிக்கூட லீவுல கோயம்புத்தூர்லேருந்து குடும்பத்தோட இங்க சென்னைக்கு வந்துட்டோம். வீடு காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னாடி. ரெண்டு தெரு தள்ளி நான் பொறந்து வளர்ந்த வீடு, அம்மாவும் நைனாவும் அங்கதான் இருக்காங்க. நைனா எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில டர்னரா இருந்து ரிட்டயர் ஆனவர், வயசு எழுபத்தஞ்சு. ஸ்ட்ரோக் வந்ததுக்கப்புறம் வலது கை இன்னும் சரியா வசப்படல, காலையும் கொஞ்சம் இழுத்துதான் நடக்கிறார். அம்மாவுக்கு சக்கரை, மூட்டு வலி. இப்போ மறதியும் சேர்ந்துடுச்சு. காலையில போட்ட சக்கரை மாத்திரைய மறந்துட்டு திரும்ப எடுத்துப் போட்டுக்கிறாங்க. அடுப்புல பால் பொங்கி அணைஞ்சு கேஸ் வாசனை வந்து பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து மூடியிருக்காங்க.

வந்ததுல எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. என் பையன் சாயங்காலம் தாத்தாவோட கையப் பிடிச்சுக்கிட்டு தேரடி வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போறான். ஞாயித்துக்கிழமை காசிமேட்டுல வாங்கின சங்கரா மீன அம்மா உக்காந்து ஆயும்போது என் பொண்ணு பக்கத்துல உக்காந்து கத்துக்கிறா. போன்ல குரலைக் கேட்டே உடம்பு எப்படி இருக்குன்னு கண்டுபிடிச்சுக்கிட்டிருந்த காலம் போயிடுச்சு. அந்த நிம்மதிக்கு ஈடே இல்ல.

ஆனா நான் வந்த மறுமாசமே மத்தவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா ஒதுங்கிட்டாங்க. நைனாவக் குளிப்பாட்ட, கை கால் பிடிச்சுவிட காலையில ஒரு அம்மா வந்துக்கிட்டிருந்தாங்க. "பொண்ணு பக்கத்துல இருக்கும்போது வெளியாள் எதுக்கு"ன்னு அம்மா அவங்கள நிறுத்திட்டாங்க. மஸ்கட்டுல இருக்கிற பெரிய அண்ணன் அந்த சம்பளத்துக்காக அனுப்பின பணமும் நின்னுபோச்சு. அம்பத்தூர்ல இருக்கிற சின்ன அண்ணன் ஞாயிறு தவறாம வருவான். இப்போ பொங்கலுக்கு வந்தவன்தான். கேட்டா, "நீ பக்கத்துல இருக்கேம்மா, எனக்கு மனசு லேசா இருக்கு"ங்கிறான். அவனுக்கு லேசான அந்த பாரம் எங்க வந்து இறங்குச்சுன்னு அவன் யோசிக்கல.

நான் வீட்டுலேருந்து கணக்கு வேலை பாக்கிறேன், கோயம்புத்தூர்ல இருக்கிற ஒரு ஆபீசுக்கு. ஒவ்வொரு மாசமும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும். அந்த நாட்கள்ல எழுந்து தண்ணி குடிக்கக்கூட முடியாது. ஆனா சொந்தக்காரங்க கண்ணுக்கு நான் வீட்டுல சும்மா இருக்கிறவ. மெட்ரோ வாட்டர் லாரி வந்துச்சுன்னா போன், சிலிண்டர் வந்தா போன், சித்திக்கு பல்லு வலின்னா அதுக்கும் போன். "வூட்லதானே கீற, செத்த வந்துட்டுப் போயேன்."

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துறது வேற. என் மாமியார் கோபிசெட்டிபாளையத்துல கொழுந்தனார் வீட்டுல இருக்காங்க. கோயம்புத்தூர்ல இருந்தவரைக்கும் நெனச்சா போய்ப் பாத்துட்டு வந்துடுவோம். இங்க வந்ததுக்கப்புறம் அது முடியல. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. ஒரு ராத்திரி மட்டும், "எங்கம்மாவும் என்னை இன்னிக்கு சாப்பிட்டியான்னு கேட்டாங்க, அவங்க சாப்பிட்டாங்களான்னு நான் கேக்கல"ன்னார். அதுக்கு மேல பேசல. பையன் பத்தாவது. அவன் படிக்கிற நேரத்துல நான் ரெண்டு தெரு தள்ளி இருக்கேன்.

இதுக்கு நடுவுல நைனா, "இந்த வீட்ட உன் பேருக்கு எழுதிடுறேன்"னு ஆரம்பிச்சிருக்கார். சித்தி அதைக் கேட்டுட்டு, "அதுக்குத்தான் அவ்ளோ தூரத்துலேருந்து வந்துருக்கா"ன்னு தெருவுல சொல்லியிருக்காங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

என் அம்மா நைனாவப் பாக்கிறத நான் விடவே மாட்டேன். ஆனா அண்ணனுங்க ரெண்டு பேரையும் எப்படித் திரும்ப உள்ள கொண்டுவர்றது? நைனா மனசுல, நம்மள ஆளுக்குக் கொஞ்சமா கூறு போட்டுட்டாங்கன்னு தோணக்கூடாது. அம்மா மறதிக்கு எங்க காட்டலாம்? இந்த நிலைமையக் கடந்து வந்தவங்க சொல்லுங்க.

---

பதில்: ஓய்வுபெற்ற செவிலி, வண்ணாரப்பேட்டை

அண்ணன் விஷயம் ஒரு வாரம் காத்திருக்கலாம் கண்ணு. அம்மா மாத்திரை விஷயம் இன்றைக்கே முடிக்க வேண்டியது.

சில சக்கரை மாத்திரைகளை இரண்டு முறை போட்டால் சக்கரை தடாலென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் யாரும் அதைச் சக்கரை என்று நினைக்க மாட்டார்கள், வயசான குழப்பம் என்று விட்டுவிடுவார்கள். அந்த மாதிரி இருந்தால், முழித்திருந்து விழுங்க முடிகிறவரையில் உடனே சக்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை டப்பா முழுவதையும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மருந்துக் கடையில் ஏழு நாளுக்குக் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த டப்பா கிடைக்கும். வாரத்துக்கு ஒருமுறை நிரப்பி அதை மட்டும் அங்கே வையுங்கள். அறை காலியாக இருந்தால் போட்டாச்சு என்று அவர்களுக்கே தெரியும்.

மறதி என்றதும் மூளைத் தேய்வு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மெட்ஃபார்மின் என்ற சக்கரை மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதனாலேயே மறதி வரலாம். தைராய்டு, ரத்தத்தில் உப்பு குறைவது, சிறுநீரில் கிருமி, மனச்சோர்வு, இவையும் அப்படித்தான். காது மந்தமாக இருந்தால் சொன்னது பதியாது, நாம் அதையும் மறதி என்போம். இவற்றையெல்லாம் பரிசோதனை செய்து பார்க்கலாம், பாதிக்கு மேல் மருந்து உண்டு. நாளாக ஆக அதிகமாகும் மறதியாகவே இருந்தாலும் சீக்கிரம் தெரிவது நல்லது.

நமக்குக் கிட்டத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. முதியோருக்கென்றே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த அரசு முதியோர் மருத்துவமனையும் இருக்கிறது. கிண்டி தூரம் என்று யோசிக்காதீர்கள். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம், இரண்டு பக்கமும் லிஃப்ட் இருக்கிறது. அங்கிருந்து ஆட்டோ. மூட்டு வலிக்காரர்களை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் குலுக்கிக் கூட்டிப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

நைனாவுக்கு: உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சக்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், தேவைப்பட்டவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. கை முழுசாக வசப்படாதவருக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றை வீட்டில் எல்லாரும், பேரப்பிள்ளைகள்கூட, தெரிந்துவைத்திருக்க வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை தூக்க வராமல் போனாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும்.

கடைசியாக ஒன்று, மனசில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். இப்போது நைனாவை நீங்கள்தான் குளிப்பாட்டுகிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். அவருக்கு அது எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? வார்டில் எத்தனையோ அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். மகள் உடம்பு துடைக்க வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள், ஆண் உதவியாளர் வந்தால் கதை பேசுவார்கள். பாசம் குறைந்து அல்ல, கூச்சம். வெளியாள் வேண்டாம் என்றது உங்கள் அம்மா. நைனா சொன்னாரா?

---

பதில்: பெரம்பூர் ரயில்வே வீட்டுப் பிள்ளை

எங்க வீட்டுல மூணு பசங்க, ஒரு தங்கச்சி. அப்பா ரயில்வே கேரியேஜ் ஒர்க்ஸ்ல இருந்தவர், கடைசி காலத்துல படுக்கையிலதான் இருந்தார். அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன் சிஸ்டர்.

அண்ணன்கிட்ட "கொஞ்சம் ஹெல்ப் பண்ணு"ன்னு கேக்காதீங்க. ஹெல்ப்னு சொன்னாலே வேலை உங்களோடது, அவர் மனசு வச்சா கை கொடுப்பார்னு ஆயிடும். ஒரு வேலைய வேரோட பிடுங்கி அவர் கையில கொடுத்துடணும். அது நடக்குதா இல்லையான்னு யோசிக்கிறதும் அவர் வேலையாவே இருக்கணும்.

மஸ்கட் அண்ணன் போன்ல முடியற எல்லாத்தையும் எடுத்துக்கலாம். கரன்ட் பில், சிலிண்டர் புக்கிங், மருந்து ஆர்டர், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ஆள் சம்பளம். சிலிண்டர்காரன் போன் நம்பரே அவருதா இருக்கட்டும். மஸ்கட்டுலேருந்து அவர் உங்களுக்குக் கூப்பிட்டு "வண்டி வருது, கதவத் திற"ன்னு சொல்லட்டும், பரவால்ல. ராத்திரி எட்டு மணிக்கு அம்மா நைனாகூட வீடியோல பேசறதும் அவருதுதான். அந்த நேரம் நீங்க உங்க பையன் பக்கத்துல இருக்கலாம்.

அம்பத்தூர் அண்ணனுக்கு சனி ராத்திரிலேருந்து ஞாயிறு சாயங்காலம் வரைக்கும். வந்து பாத்துட்டுப் போறது இல்ல, அங்க தங்கணும். நைனாவோட பென்ஷன் பிஎஃப் பென்ஷன்தானே? உயிரோட இருக்கிற சான்று வருஷத்துக்கு ஒரு தடவ கொடுத்தாகணும். பிஎஃப் பென்ஷனுக்கு எந்த மாசம் கொடுத்தாலும் அந்த தேதிலேருந்து ஒரு வருஷம் செல்லும். இப்போ ஜீவன் பிரமாண்ல முகத்தைக் காட்டியே போன்ல பதிவு பண்ணிடலாம், கைரேகை விழலன்னு அலைய வேணாம். இதையும் அவர்கிட்டயே விடுங்க.

ஒரு விஷயம் மட்டும் ரொம்ப முக்கியம். அவர் இருக்கிற ஞாயித்துக்கிழமை நீங்க அந்தப் பக்கம் போகவே கூடாது. சாம்பார்ல உப்பு இல்லன்னு அம்மா போன் பண்ணுவாங்க. போகாதீங்க. நீங்க போன அடுத்த நிமிஷம் அவர் சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய கிளம்பிடுவார். என் தங்கச்சி எங்களுக்கு அப்படித்தான் கத்துக்கொடுத்துச்சு. கதவப் பூட்டிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிடும். அப்பாவுக்கு மூக்குல ட்யூப் வழியா கஞ்சி ஊத்த நான் கத்துக்கிட்டது அந்த நாட்கள்லதான்.

வீடு விஷயம். இப்போ செட்டில்மென்ட் எழுதி வாங்காதீங்க. சித்தி வாய்க்குப் பயந்து சொல்லல. செட்டில்மென்ட் ரெஜிஸ்டர் ஆச்சுன்னா சொத்து அப்பவே கைமாறிடும், நைனா சொந்த வீட்டுல பொண்ணு வீட்டுல இருக்கிற மாதிரி ஆயிடுவார். எழுதணும்னு அவர் ஆசைப்பட்டா உயிலா எழுதட்டும். அவர் இருக்கிறவரை வீடு அவருது, மனசு மாறினா உயிலையும் மாத்திக்கலாம். ரெண்டு சாட்சி கையெழுத்து போதும். எதுவா இருந்தாலும் அண்ணனுங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சே நடக்கணும். பெத்தவங்களப் பாத்துக்கிறதுல பையன் பொண்ணுன்னு 2007ல வந்த சட்டம் வித்தியாசம் பாக்கல, பிள்ளைங்கன்னா எல்லாரும்தான். இத மிரட்டலா சொல்ல வேணாம். அண்ணனுங்களுக்குத் தெரிஞ்சிருந்தா போதும்.

---

பதில்: மணலி மருமகள்

பெரம்பூர் அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் சம்மதம். வீட்டு விஷயத்தில் மட்டும் வேறு மாதிரி நினைக்கிறேன். கூட இருந்து பார்க்கிற பெண்ணின் வேலைக்கு விலையே இல்லை என்று ஆகிவிடக்கூடாது. அவள் வேண்டாம் என்று ஒதுங்கினால் "நல்ல பொண்ணு" என்பார்கள், அதோடு சரி. உயிலில் அவர் ஒரு பங்கு கூடவே எழுதினால் தலை நிமிர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா. அதுவும் அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே, எல்லார் முன்னாலேயும்.

நான் எழுத வந்தது உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வரிக்காக. நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம். கல்யாணமான மூன்றாம் வருஷம் என் கணவரின் அப்பா அம்மாவுக்காக மணலிக்கு வந்தோம். என் அம்மா செய்யாறில் தனியாக. இங்கே மாமனாருக்கு டயாலிசிஸ், அங்கே என் அம்மா வாசலில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்ததை மறுநாள்தான் எனக்குச் சொன்னார்கள், "அவளுக்கு அங்கேயே ஆயிரம் வேலை" என்று. மாமனாரை நான் மனசாரத்தான் பார்த்தேன். ஆனாலும் அந்த ஒரு நாள் உள்ளே அப்படியே இருக்கிறது. என் கணவர் ஒரு தடவை, "வா, உங்கம்மாவைப் போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்று அவராகச் சொல்லியிருந்தால் போதும். நானாகக் கேட்டு வாங்குவது வேறு, அவராகச் சொல்வது வேறு.

அதனால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அம்பத்தூர் அண்ணன் தங்கும் சனி ஞாயிறில் மாதம் ஒன்று கோபிக்கு என்று வையுங்கள். வெள்ளி இரவு சென்ட்ரலில் கிளம்பினால் காலையில் ஈரோடு, அங்கிருந்து கோபிக்குப் பஸ். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பொதுத் தேர்வு நெருங்கும்போது அவர் மட்டும் போகட்டும். முழுப் பரீட்சை லீவில் மாமியாரை இங்கே அழைத்துவந்து கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்கும் பேச்சுத் துணை. இரண்டு சம்பந்திகளும் சேர்ந்தால் நம்மைப் பற்றித்தான் பேசுவார்கள், பேசட்டும்.

"வூட்லதானே கீற" என்பவர்களுக்கு: 11, 20 தேதிகளை அம்மா வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். அன்றைக்கு ஆபத்து என்றால் மட்டும் போன். சித்தி பல்லு வலிக்கு சித்தி பிள்ளைகள் இருக்கிறார்கள்.

---

பதில்: கொருக்குப்பேட்டை தம்பி

அக்கா, நான் பத்தாவது படிக்கும்போது எங்க ஆயா ஹால்லதான் படுத்திருந்தாங்க. அதனால உங்க பையன் பக்கத்துலேருந்து சொல்றேன். அம்மா ஆயா பக்கத்துல இருந்தது எனக்குக் கோபமே இல்ல. எந்த ராத்திரி இருப்பாங்க, எந்த ராத்திரி இருக்க மாட்டாங்கன்னு தெரியாததுதான் கஷ்டமா இருந்துச்சு. முன்னாடியே சொல்லிடுங்க. தேரடிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போறத பரீட்சைன்னு சொல்லி நிறுத்திடாதீங்க. எனக்கு ஆயாவுக்கு பேப்பர் படிச்சுக் காட்டுற வேலையிலேருந்து விடுதலை கொடுத்தாங்க, அது எனக்குப் பிடிக்கவே இல்ல.

---

காலடிப்பேட்டை மகள்

எல்லாரும் சொந்தக்காரங்க மாதிரி எழுதியிருக்கீங்க. ஒவ்வொண்ணா செஞ்சுக்கிட்டிருக்கேன்.

செவிலியம்மா சொன்னதப் படிச்ச அன்னிக்கே மாத்திரை டப்பா என் வீட்டுக்கு வந்துடுச்சு. அப்புறம் அம்மா இல்லாத நேரமா பாத்து நைனாகிட்ட குளிக்கிற விஷயத்தைக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. "நான் எப்படிம்மா சொல்றது, நீ எவ்ளோ ஆசையா செய்றே"ன்னார். ஆண் ஒருத்தர் வந்தா பரவாயில்லையான்னு கேட்டதுக்கு, "மெஷின் ஷாப் கதை தெரிஞ்சவனா பாரு"ன்னார். அம்மாகிட்ட நைனாவே பேசினார். அவர் வேணும்னு சொன்னதுக்கப்புறம் அம்மா மறுத்துப் பேசல.

பெரிய அண்ணன்கிட்ட ஹெல்ப்ங்கிற வார்த்தையே இல்லாம பேசினேன். ஆள் சம்பளம் முழுசும் அவருது, சிலிண்டர் நம்பர் மாத்தியாச்சு, எட்டு மணி வீடியோவும் ஆரம்பிச்சாச்சு. அம்மா அதுக்காக ஏழரைக்கே தலை சீவிக்கிட்டு உக்காந்துடுறாங்க. சின்ன அண்ணன்தான் கொஞ்சம் முறைச்சான். "எனக்கும் குடும்பம் இருக்குல்ல"ன்னான். எனக்கும் இருக்குண்ணான்னேன். அண்ணி போனை வாங்கி, "அவர் வருவார், நான் அனுப்புறேன்"னு சொன்னாங்க. அண்ணிகிட்டேருந்து அந்த வார்த்தை வரும்னு நான் எதிர்பார்க்கல. நானே கணக்கு பாக்கிறவங்கிறதால அவனுக்கு ஒண்ணு சொன்னேன். நைனாவுக்கும் அம்மாவுக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்ல. அவங்க ஆஸ்பத்திரி, மருந்துச் செலவ ரொக்கமா இல்லாம அக்கவுன்ட்லேருந்து கட்டினா, பழைய வரி முறையில இருக்கிறவனுக்கு வரி போடுற வருமானத்துலேருந்து 50,000 ரூபாய் வரைக்கும் கழிவு உண்டு. இனிமே அந்தச் செலவு அவனுது.

வீட்டப் பத்தி மூணு பேரும் நைனாவ நடுவுல வச்சு பேசப்போறோம், பெரிய அண்ணன் லீவுல வந்ததும். மணலி தங்கச்சி, நீ எழுதினத என் வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டல. கோபிக்கு டிக்கெட் போட்டுட்டு தேதிய மட்டும் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போய் அவங்கம்மாகிட்ட பேசினார்.

சித்தி அப்படியேதான் இருக்காங்க. அவங்கள மாத்த எனக்கு நேரம் இல்ல.

அடுத்த வாரம் அம்மாவ கிண்டிக்குக் கூட்டிட்டுப் போறோம். ஆண் உதவியாளர் வைக்கும்போது எதெல்லாம் பாக்கணும்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும்.

---

பதில்: ஓய்வுபெற்ற செவிலி, வண்ணாரப்பேட்டை

ஏற்கனவே வேலை பார்த்த இரண்டு வீட்டு நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள். ஆதார் நகல் வாங்கி வையுங்கள். ஏஜென்சி மூலம் என்றால், அவர் லீவு போடும் நாளில் மாற்று ஆள் அனுப்புவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்ட்ரோக் வந்தவரைத் தூக்கும்போது வலது கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, தோள் இறங்கிவிடும். அது அவருக்குத் தெரிகிறதா என்று முதல் நாளே செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் உங்கள் வேலையை அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள். குளியலறையில் இரண்டு கைப்பிடிக் கம்பியும், ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கும் ஆள் வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கிண்டிக்குப் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சீட்டு மட்டும் போதாது. எப்போதிலிருந்து மறதி, என்னென்ன மறக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள். அம்மா முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.